பிள்ளையாரைக் குப்புறப் போடலாமா

கார்டு வெட்ட எந்த மெஷின் வாங்கினால் நல்லது என்று நம் குரூப்பில் ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். எதையாவது வாங்குங்கள். எல்லாம் ஒன்றுதான். கூரான விளிம்பு வைத்த எஃகு அச்சு ஒன்று, அதைத்தான் டை என்கிறோம். அதன்மேல் அட்டையை வைத்து, பலகையால் மூடி, கைப்பிடியைச் சுற்றினால் மயில் டைக்கு மயில் வரும், தாமரை டைக்குத் தாமரை வரும். ஒரு மத்தியானத்தில் கற்றுக்கொள்ளலாம். வாழ்த்துக் கார்டுத் தொழிலில் மீதி வருஷமெல்லாம் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களைக் கற்றுக்கொள்ளத்தான் போகும். அதை யாரும் வீடியோ எடுத்துப் போடமாட்டார்கள் என்பதால் நான் எழுதுகிறேன். எனக்கு ஓய்வு கிடைத்துவிட்டது. முதலாளி இதைப் படித்தாலும் இனி என்னை வேலையை விட்டு நிறுத்த முடியாது.

கையால் செய்த கார்டுதான் வேண்டும் என்று வருவார்கள். செய்து கொடுத்தால், "ஏன் ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல?" என்பார்கள். ஒன்று போல இன்னொன்றைச் செய்து கொடுத்தால், "இது மெஷின் கார்டு மாதிரி இருக்கே" என்பார்கள். இரண்டுக்கும் ஒரே மாதிரி தலையாட்டப் பழகிக்கொள்ளுங்கள்.

டுரியான் துங்காலில் படிக்கிற ஒரு பெண், காதலன் பிறந்தநாளுக்கு இதயத்துக்குள் இதயம், அதற்குள் இன்னும் ஒன்று என்று வெட்டி அடுக்கி நடுவில் அவன் பெயரை வைக்கச் சொன்னாள். வாங்க வந்தபோது முகமே சரியில்லை. "ஆன்ட்டி, பேரை மட்டும் மாத்திக் குடுக்க முடியுமா?" என்றாள். எந்தப் பெயருக்கு என்று கேட்டேன். யோசித்துச் சொல்வதாகப் போய்விட்டாள். அன்றிலிருந்து பெயரை நான் கடைசியாகத்தான் ஒட்டுவேன்.

சுங்கை ஊடாங் பக்கத்துக் கம்பெனி ஒன்றிலிருந்து ஓர் அதிகாரி தீபாவளிக் கார்டுக்கு வந்தார். குத்துவிளக்கை வெட்டிக் காட்டினேன். அழகாக இருக்கிறது என்றார். "ஆனா எல்லாரும் சந்தோஷமா இருக்கணும்லா" என்று ஓலையில் பின்னிய நோன்புப் பெருநாள் கெத்துப்பாட் சோற்றுப் பொட்டலத்தைச் சேர்க்கச் சொன்னார். அப்புறம் ஒரு சீன விளக்கு. அப்புறம் ஒரு கிறிஸ்மஸ் மரம். கடைசியில் இடம் போதவில்லை என்று குத்துவிளக்கை எடுத்துவிட்டார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். ஒருமுறை சிரிக்க முடியாதபடி மாட்டிக்கொண்டோம். என்னோடு வேலை செய்த ஒருத்தியின் பிழைப்பே போகப் பார்த்தது. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது அதுதான்.

எங்கள் கடை அலோர் காஜாவில், அரசாங்க ஆபிஸ்கள் இருக்கிற சாலையில். முன்பக்கம் பள்ளிக்கூடச் சாமான், பின்பக்கம் கார்டு அறை. முதலாளியை எல்லாரும் பாய் என்போம். தலைமுறை தலைமுறையாக மலாக்காவில் கடை வைத்திருக்கிற தமிழ் முஸ்லிம் குடும்பம். கார்டு அறைக்கு நான் பொறுப்பு. வெட்டுவது ஜமீலா.

ஜமீலாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் அந்தக் கை வேறு யாருக்கும் வராது. கொடியும் மொட்டுமாகப் பின்னிக் கிடக்கிற மெல்லிய வேலைப்பாட்டை ஓர் இழை அறாமல் டையிலிருந்து உரித்தெடுப்பாள். நான் எடுத்தால் பாதிக் கொடி என் விரலோடு வந்துவிடும். அவள் கணவர் லோரி ஓட்டியவர். விபத்துக்குப் பிறகு சரியாக நடக்க முடியாமல் வீட்டோடு இருந்தார். இரண்டு பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டில் சம்பளம் என்று வந்தது அவளுடையது மட்டும்தான். சம்பளத்தைவிட, மெஷின் முன்னால் உட்காருவதில் அவளுக்கு ஒரு தெம்பு இருந்தது. "வீட்ல எல்லாரும் சொல்றத நான் கேக்கறேன். இங்க நான் சொல்றத பேப்பரு கேக்குது" என்பாள்.

சாமி உருவங்களை வெட்டும்போது ஒரு சங்கடம் உண்டு, உங்களுக்கும் வரும். அட்டையில் பிள்ளையார் வடிவத்தில் ஜன்னல் வெட்டினால், அட்டை ஒருபக்கம் போகும், உள்ளிருந்து விழுந்த குட்டிப் பிள்ளையார் ஒருபக்கம் கிடப்பார். நூறு கார்டுக்கு நூறு பிள்ளையார். குப்பையில் போடலாமா? "அதெப்படிக்கா போடறது, உங்க சாமில்ல" என்று ஒரு பிஸ்கட் டப்பாவை வைத்து அதில் சேர்த்தவள் ஜமீலாதான். டப்பா நிறைந்ததும் நான் கோயிலுக்குக் கொண்டுபோவேன். "எங்ககிட்ட இடமில்லம்மா" என்று கோயிலில் திருப்பி அனுப்புவார்கள். பிள்ளையார் மறுபடி பாய் கடைக்கே வந்து சேருவார்.

இந்த நிலையில்தான் தலைவர் வந்தார். ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்துக் கோயிலின் தலைவர். தோட்டத்தை விற்று வீடமைப்புத் திட்டம் வந்தாகிவிட்டது. ஆட்கள் டவுனுக்குப் போய்விட்டார்கள். செயற்குழு மட்டும் ஓர் ஆள் குறையாமல் இருக்கிறது. தலைவருக்கு மகள் கல்யாணம்.

"எல்லாரும் பிள்ளையார பிரிண்ட் பண்றாங்க. நம்ம கார்டுல வெட்டி இருக்கணும்" என்றார். தங்க நிற முன்னட்டையில் பிள்ளையார் வடிவில் ஜன்னல், அதன் வழியே பின்னாலிருக்கிற சிவப்புத் தாள் தெரியும். கோயிலில் இருக்கிறவர் இடம்புரி, அதாவது தும்பிக்கை அவருடைய இடப்பக்கம் வளைந்திருக்கும். அப்படியே டை செய்து வரவழைத்தோம்.

எல்லாம் பேசி முடித்துக் கிளம்பும்போது, சும்மா கேட்பது போல, "இத யாரு வெட்டுவா?" என்றார்.

"ஜமீலாதான்."

தலைவர் ஒரு நிமிஷம் சீலிங்கைப் பார்த்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு ஒண்ணுமில்ல. எல்லா இனத்து ஆளுங்களும் என் வீட்டுக்கு வருவாங்க. ஜனங்க நாலு விதமா பேசுவாங்க, அதான். கோயில் மகளிர் பிரிவு வந்து வெட்டிக் குடுத்துடும். சுத்தபத்தமா இருந்துட்டு வருவாங்க."

கடைக்குச் சொந்தக்காரர் பாய். டையை வரவழைத்தவர் பாய். காசு வாங்கிக் கல்லாவில் போடப்போகிறவரும் பாய். அதிலெல்லாம் தலைவருக்குக் குறையில்லை. கைப்பிடியைச் சுற்றுகிற கையில்தான் குறை கண்டார். பாய் என்ன சொன்னார் தெரியுமா? "போலேலா தலைவரே, செய்யலாம், உங்க இஷ்டம்" என்றார். கோயில் திருவிழாக் கார்டு முழுக்க எங்கள் கடைக்குத்தான் வரும். பாய்க்கு அது தெரியும், தலைவருக்கும் தெரியும்.

வெட்டுகிற நாள் வந்தது. தலைவரின் மனைவி சரசம்மா தலைமையில் மகளிர் பிரிவு தலைக்குக் குளித்து, விரதமிருந்து, ஒரே நிறத்துச் சேலையில் வந்து இறங்கியது. மெஷினுக்கு மஞ்சள் தண்ணீர் தெளிக்க வந்தார்கள், தடுத்தேன். அட்டைக் கட்டுகளுக்கு நடுவில் கற்பூரம் ஏற்றப் போனார்கள். தட்டையே பிடுங்கி வைத்துக்கொண்டேன். ஜமீலாவை மூலையில் உட்கார்ந்து கவர் மடிக்கச் சொல்லியிருந்தார்கள். கவரில் சாமி படம் இல்லை என்பதால் தலைவர் அதற்கு அனுமதி கொடுத்திருந்தார்.

சரசம்மாவுக்கு நான் வேலையைக் காட்டினேன். "அட்டையோட தங்கப் பக்கம் டையோட கூர்ப்பக்கத்தைப் பாத்து இருக்கணும்மா. குப்புறப் போடுங்க."

தலைவர் முன்னால் வந்தார். "என்னது, பிள்ளையார குப்புறப் போடறதா?"

"இன்னும் பிள்ளையார் வரல தலைவரே. இது வெறும் அட்டை."

"வரப்போறாருல்ல? சாமிய முகம் தரையில படுறாப்ல போடற வழக்கம் எங்ககிட்ட இல்ல. நிமித்திப் போடும்மா சரசு."

நிமிர்த்திப் போட்டால் ஓரம் பிசிறடிக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். எனக்குத் தோன்றியது அந்தக் கவலைதான். அதற்குள் பாய் என்னைக் கவுண்டருக்குக் கூப்பிட்டுவிட்டார். கூப்பிட ஒரு காரணமும் இல்லை. நான் வாயைத் திறக்கக்கூடாது, அவ்வளவுதான். நான் போன பிறகு மூலையிலிருந்து ஜமீலா, "திரும்பிடும்" என்றாளாம். சரசம்மாவின் கை ஒரு நிமிஷம் நின்றதாம். தலைவர், "ம், சுத்து" என்றாராம். சுற்றினார்கள். எல்லாக் கார்டும் வெட்டியாகிவிட்டது. கீழே விழுந்த குட்டிப் பிள்ளையார்களை எடுத்து வைக்க யாருக்கும் நினைவில்லை. அறைக்குள் செருப்பைக்கூடக் கழற்றிவிட்டு நடந்த தலைவரின் குதிகாலில் ஒரு பிள்ளையார் ஒட்டிக்கொண்டு வாசலில் நிறுத்தியிருந்த காடி வரைக்கும் போனார்.

அவர்கள் போன பிறகு ஜமீலா ஒரு கார்டை எடுத்து என்னிடம் நீட்டினாள். பார்த்தேன். கண்ணாடியில் பார்ப்பது போல இருந்தது. இடம்புரி வலம்புரியாகிவிட்டார். பாயிடம் ஓடினேன். அவர் கார்டை இப்படியும் அப்படியும் பார்த்தார். "தும்பிக்கை இருக்குல்ல? அப்புறம் என்னலா? யாரு பாக்கப் போறா?"

நீங்களும் ஒருநாள் ஏதோ ஒரு முதலாளியிடமிருந்து இந்தக் கேள்வியைக் கேட்பீர்கள். யார் பார்க்கப் போகிறார் என்றால், பார்க்கக் கூடாதவர் முதலில் பார்ப்பார்.

முதல் கார்டைச் சாமி பாதத்தில் வைக்கப் போன இடத்தில் குருக்கள் பார்த்துவிட்டார். தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர், கண் கூர்மையானவர். "இது வலம்புரியா இருக்கே. வீட்டுல வச்சா நியமம் தப்பக்கூடாது" என்றாராம். கார்டு போகப்போவது ஊரிலிருக்கிற வீடு முழுக்க. கோழி சமைக்கிற அடுப்புக்குப் பக்கத்திலேயே குளிர்பெட்டியில் காந்தத்தை வைத்து மாட்டுகிற ஜனங்கள்.

தலைவர் கடைக்கு வந்தார். கூடவே கோயில் செயலாளர், பின்னால் சரசம்மா. கார்டைக் கவுண்டரில் வைத்து, "யாரு வெட்டினது?" என்றார். கேட்ட பிறகுதான் பதில் அவருக்கே நினைவுக்கு வந்தது. சரசம்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

தலைவரைக் காப்பாற்றச் செயலாளர் இருக்கிறாரே. இப்படிப்பட்டவர் ஒருவர் எல்லாச் சங்கத்திலும் இருப்பார். கார்டைக் கையில் எடுத்தார். "தலைவரே, நம்ம பொம்பளைங்க மேல தப்பில்ல. விரதம் இருந்து வெட்டினாங்க. டை இடம்புரி, வந்தது வலம்புரி. அப்படின்னா சாமியாத்தான் திரும்பியிருக்கு. ஏன் திரும்புச்சு?" கார்டை உயர்த்திப் பிடித்தார். "தும்பிக்கை எந்த மூலையைக் காட்டுது பாருங்க."

அந்த மூலையில் ஜமீலா இருந்தாள். செயலாளர் கொஞ்சம் தள்ளி நின்று பிடித்திருந்தால் அது பாயின் கல்லாப்பெட்டியைக் காட்டியிருக்கும்.

"அந்தப் பொண்ணு இருந்த எடம் சாமிக்குப் பிடிக்கல" என்றார் தலைவர். குரலில் தெம்பு வந்துவிட்டது. "பாய், நான் பேச்ச வளக்க விரும்பல. திருவிழாக் கார்டுக்கு முன்னாடி அந்தப் பொண்ணு இந்தக் கடையில இருக்கக்கூடாது. இருந்தா வேற கடை பாத்துக்கறோம்."

பாய் தலையாட்ட ஆரம்பித்துவிட்டார். ஜமீலா எழுந்து நின்றாள். முகம் வெளுத்துப்போய்விட்டது.

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அட்டையைக் குப்புறப் போடவில்லை, அதனால் திரும்பிவிட்டது, ஒரே வரி. சொன்னால் என்ன நடக்கும் என்று யோசித்தேன். தலைவர் மனைவியும் மகளிர் பிரிவும் தப்புச் செய்தார்கள், தலைவர் சொல்லித்தான் செய்தார்கள் என்று ஆகும். அதைத் தலைவர் ஒப்புக்கொள்வாரா? கார்டை எடுத்துக்கொண்டு வேறு கடைக்குப் போவார். அவர் பின்னாலேயே திருவிழா ஆர்டர் போகும். அது போன மறுநாள் ஜமீலாவும் போவாள். ஆகவே வேறு வழியில் போனேன்.

"தலைவரே, சாமி திரும்புச்சுன்னு நீங்களே சொல்றீங்க. கோவத்துல திரும்புச்சுன்னு எப்படித் தெரியும்?" என்றேன்.

"பின்ன?"

"உங்க கோயில்ல இருக்கறவரு இடம்புரி. உங்க பொண்ணு கல்யாணத்துக்கு மட்டும் வலம்புரியா வந்து நிக்கறாரு. நீங்க கேட்டா வந்தாரு? அவரா வந்தாரு. எத்தன பேரு வீட்டுக்கு இப்படி வருவாரு?"

தலைவர் கார்டைத் திரும்ப வாங்கினார். இந்த முறை இரண்டு கையாலும் வாங்கினார். செயலாளர் உடனே, "நானும் அதத்தான் சொல்ல வந்தேன் தலைவரே" என்று போனை எடுத்துக் கார்டைப் படம் பிடித்தார். போகிறபோது ஜமீலா இருந்த மூலையையும் படம் பிடித்துக்கொண்டார்.

நான் பொய் சொன்னேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். நான் கேள்விதான் கேட்டேன். பதிலை அவர்கள் போட்டுக்கொண்டார்கள்.

சாயந்திரத்துக்குள் மலாக்காவில் இருக்கிற குரூப்பெல்லாம் தலைவர் வீட்டு அதிசயம் சுற்றியது. கார்டு கிடைத்தவர்கள் அதைச் சாமி மேடையில் வைத்தார்கள். கிடைக்காதவர்கள் தலைவரோடு சண்டை போட்டார்கள். வேறு கோயில்காரர்கள் மூலையைப் பார்க்க வந்தார்கள். ஒருவர் முருகன் கார்டைக் கொண்டுவந்து, மயில் அந்தப் பக்கம் பார்க்கிறதே, இந்தப் பக்கம் பார்க்க வைக்க முடியுமா என்று ஜமீலாவிடமே கேட்டார். பாய் அந்த மூலைக்கு ஒரு நல்ல நாற்காலி வாங்கிப் போட்டு, மேலே ஒரு துண்டு விரித்தார்.

எனக்கு வெற்றி என்றுதான் நினைப்பு. ஜமீலாவின் சம்பளம் தப்பித்துவிட்டதே. ஆனால் நடந்தது என்ன? சாமி ஆர்டர் வந்தால் அவள் நாற்காலியில் உட்கார வேண்டும். மெஷினைத் தொடக்கூடாது. தொட்டால் சக்தி போய்விடும் என்று செயலாளர் சொல்லியிருந்தார். வெட்டுவது நான். ஓரமெல்லாம் கிழியும். அவள் அங்கிருந்தே பார்த்துக்கொண்டு பல்லைக் கடிப்பாள்.

"சீனங்க கடையில லக்குக்குன்னு தொட்டியில மீனு வளக்கறாங்களேக்கா, நான் அதுவா?" என்றாள் ஒருநாள்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அவள் கணவரின் அண்ணன் மலாக்கா டவுனிலிருந்து வந்து வீட்டில் உட்கார்ந்துவிட்டார். அவர் கேள்விப்பட்ட கதையில் ஜமீலாவுக்கு மாலை போட்டிருந்தார்கள். "நம்ம வீட்டுப் பொம்பளைய உக்கார வெச்சுப் பூஜை பண்றாங்களா? நாளைலருந்து வேலைக்குப் போகாதே" என்று அவர் சொல்ல, கணவர் காலைத் தடவிக்கொண்டிருந்தாராம். அண்ணன் அந்த வீட்டுக்கு அரிசி வாங்கிப் போடப் போகிறாரா என்று நீங்கள் கேட்கலாம். அதை அவரிடம் யாரும் கேட்கவில்லை.

மறுநாள் அவள் என் முன்னால் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. "நீங்க என் சம்பளத்தக் காப்பாத்தினீங்க, சரி. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? உங்க ஆளுங்க மெஷின தொடாதே, உக்காருங்கறாங்க. எங்க ஆளுங்க உக்காராதே, எழுந்து வான்னு சொல்றாங்க. வெட்டுன்னு சொல்ல ஒருத்தரும் இல்ல. திருவிழாக் கார்டு வரட்டும். அன்னிக்கும் அதே நாற்காலின்னா நான் எழுந்து போயிடுவேன்க்கா. ஃபேக்டரி ஷிஃப்ட்டுக்குப் போறேன். அங்க யாரும் என்னைக் கும்புட மாட்டாங்க."

நான் செய்தது அந்த நேரத்துக்குச் சரி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். அவள் கேட்டதும் சரிதான். இரண்டு சரிக்கும் நடுவில் நான் முழித்துக்கொண்டு நின்றேன்.

அந்த வாரமே டுரியான் துங்காலில் இருக்கிற தலைவர் வீட்டுக்குப் போனேன். அவர் வெளியே போயிருந்த நேரமாகப் பார்த்துத்தான் போனேன். சரசம்மா குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் ஆரம்பிக்கும் முன்பே அவரே சொன்னார்.

"அந்தப் பொண்ணு திரும்பிடும்னு சொன்னது என் காதுல விழுந்துச்சும்மா. கையை நிறுத்தினேன். இவரு சுத்துன்னாரு. சுத்திட்டேன்."

"அத அவருகிட்ட சொல்லிடக்கூடாதா? அவளுக்கு வேலை போயிடும்போல இருக்கு."

"அவரு பேசி முடிச்சாத்தானேம்மா நான் பேசறதுக்கு." வெங்காயத்தை நறுக்க ஆரம்பித்துவிட்டார். போகும்போது ஒரு பையில் முறுக்கு கட்டிக் கொடுத்தார். முறுக்கு வாங்கப் போனவள் போலத் திரும்பி வந்தேன்.

திருவிழாக் கார்டு வெட்டுகிற நாளில் செயற்குழு முழுதும் வந்தது. குருக்களையும் அழைத்து வந்திருந்தார்கள். அதே டை, அதே தங்க அட்டை. செயலாளர் போனை ஒரு கம்பியில் மாட்டி, அதிசயம் நடக்கும்போது படம் பிடிக்கத் தயாராக நின்றார். நாற்காலிக்குப் புதுத் துண்டு விரித்திருந்தது. சரசம்மா மெஷின் முன்னால் உட்கார்ந்து அட்டையைக் கையில் வைத்திருந்தார்.

ஜமீலா நாற்காலிக்குப் போகவில்லை. தோளில் பையை மாட்டிக்கொண்டு வாசலோரம் நின்றாள்.

"உக்காரும்மா, கொஞ்ச நேரம்லா" என்று பாய் கெஞ்சினார்.

"நான் கார்டு வெட்ட வந்தவ பாய். உக்கார வரல. இத்தன நாளு குடுத்ததுக்கு நன்றி." திரும்பி நடந்தாள்.

எனக்கு வழக்கமாக வருகிற சாமர்த்தியம் ஒன்றும் வரவில்லை. மறுபடி ஒரு கேள்வி கேட்டு, மறுபடி அவளை எங்கே கொண்டுபோய் உட்கார வைப்பேன்?

"நில்லு ஜமீலா" என்றது சரசம்மாவின் குரல்.

தலைவர் திரும்பினார். "நீ உன் வேலையப் பாரு சரசு."

"அதத்தாங்க பாக்கறேன். அன்னிக்கு அட்டைய நிமித்திப் போட்டது நான். நீங்க சொன்னீங்க, நான் போட்டேன். நிமித்திப் போட்டா வலம்புரி வரும், குப்புறப் போட்டா இடம்புரி வரும். சாமி ஒண்ணும் திரும்பல. இந்தப் பொண்ணு அன்னிக்கே சொன்னுச்சு, எனக்குக் கேட்டுச்சு." சரசம்மா ஸ்டூலிலிருந்து எழுந்தார். "எனக்கு இந்த வேலை வரலம்மா. அன்னிக்கும் வரல. நீ வந்து உக்காரு."

ஜமீலா என்னைப் பார்த்தாள். நான் வழிவிட்டு ஒதுங்கினேன். பையைக் கழற்றி நாற்காலித் துண்டின் மேல் வைத்துவிட்டு வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்தாள்.

"எந்தப் பக்கம் வேணும் தலைவரே? சொல்லுங்க, வெட்டித் தரேன்."

தலைவர் குருக்களைப் பார்த்தார். குருக்கள் பல்லியைத் தேடுவது போலச் சுவரைப் பார்த்துக்கொண்டே, "நம்ம கோயிலுக்கு இடம்புரிதானே" என்றார். ஜமீலா தங்கப் பக்கம் கீழே இருக்கும்படி அட்டையைக் குப்புறப் போட்டாள். தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். கைப்பிடி சுற்றியது. பிள்ளையார் கோயிலில் இருக்கிறபடியே வந்தார், ஓரத்தில் ஒரு பிசிறு இல்லை. விழுந்த குட்டிப் பிள்ளையாரை அவள் எடுத்து டப்பாவில் போட்டாள்.

தலைவர் தலைவராயிற்றே, அப்படியே விட்டுவிடுவாரா? மெதுவாக இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "பாத்தீங்களா? என்னைக்காவது இவ நாலு பேரு முன்னால இப்படிப் பேசியிருக்காளா? சாமியே இறங்கி வந்து என் சம்சாரம் வாயால பேசுதுய்யா."

செயலாளர் அவசரமாகப் போனைச் சரசம்மா பக்கம் திருப்பினார். செயற்குழு மொத்தமும் அந்தம்மாவைப் பார்த்துக் கும்பிட்டது.

"சாமி இல்லங்க, நான்தான் பேசறேன்" என்றார் சரசம்மா. "கல்யாணம் ஆன நாள்லருந்து நான்தான் பேசிக்கிட்டிருக்கேன்."

ஜமீலா அடுத்த அட்டைக்குக் கையை நீட்டினாள். சரசம்மா எடுத்துக் கொடுத்தார்.